சுவர் நின்ற உயரம்

ஜூன் 3

மேடம் அவர்களுக்கு,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே, வக்கீல் நோட்டீஸ் இல்லை. வேலையில் ஒரு சந்தேகம், அதற்குத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் கடைசி மூன்று போனிலும் "சாப்பிட்டாச்சா" என்று ஆரம்பித்து, இரண்டே நிமிஷத்தில் எங்கே போய் முட்டிக்கொண்டோம் என்று உனக்கே தெரியும். காகிதத்தில் குரலை உயர்த்த முடியாது பார், அதனால் இந்த வழி.

நான் இங்கே வந்து மூன்று மாதமாகச் செய்துகொண்டிருப்பது ஒரு நூலகத்தின் வாசிப்புக் கூடம். நல்ல உயரம், மூன்று பக்கமும் கண்ணாடி, கீழே வழவழவென்று கல்தரை. ஒரு ஆள் தும்மினால் நூறு பேர் தும்முகிற மாதிரி இருக்கிறது. இதை அடக்கத்தான் என்னை அழைத்து வந்தார்கள். சத்தத்தை உறிஞ்சும் பலகைகளைக் கூரைக் கான்கிரீட்டோடு ஒட்ட அறைந்துவிடச் சொல்லிக் கம்பெனி வரைபடம் கொடுத்திருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே இருக்கும் ஏசி மெஷின், உன் அண்ணன் போனில் பேசும்போது விடாமல் போடுவாரே ஒரு "ம்ம்ம்", அதே சுருதியில் நாள் முழுக்க ஓடுகிறது. அந்தத் தடித்த சத்தம் ஒட்டின பலகைக்கு அடங்காது என்று நினைக்கிறேன். சைட் இன்ஜினியருக்கு வரைபடம்தான் வேதம். நான் வாயால் சொன்னால் எடுபடாது. கூரை வரைகிறவள் நீ, ஒரு வரி எழுதினால் அதைக் காட்டிப் பேசுவேன்.

மற்றபடி சௌக்கியம். ஒரு அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறோம். வெல்டர் ஒருவர் குறட்டை விடுகிறார். தொழில்முறையில் அவரை எப்படி அடக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாலுவுக்கு அப்பாவின் அன்பைச் சொல். பன்னிரண்டு வயசாகிவிட்டது, இனிமேல் வாலு என்று கூப்பிடக்கூடாது என்று நான் கிளம்புவதற்கு முன்பே சட்டம் போட்டிருந்தாள். வேறு பெயர் எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஏணி
(இங்கேயும் இதே பெயரை வைத்துவிட்டார்கள். உயரமாகப் பிறந்தது என் குற்றமா?)


ஜூன் 12

உங்கள் சந்தேகத்துக்குப் பதில்.

ஒட்ட அறையக் கூடாது. நீங்கள் நினைத்தது சரி. நான் இப்படி எழுதியதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டாம்.

பலகைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கம்பியில் தொங்கவிடுங்கள். கீச்சுச் சத்தத்தைப் பலகை தானாகவே குடித்துவிடும். ஏசியின் தடித்த சத்தத்தை அது பிடிக்க வேண்டுமானால் அதன் முதுகுக்குப் பின்னால் காற்று இருக்க வேண்டும். கூடம் முழுவதையும் மூடவும் வேண்டாம். வாசிக்கும் மேசைகளுக்கு நேர் மேலே தனித்தனித் தட்டுகளாகத் தொங்கட்டும். அப்போது கூரையில் பட்டுத் திரும்புகிற சத்தத்தைப் பலகையின் மேல்முகமும் வாங்கும். அளவோடு படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் இன்ஜினியரிடம் காட்டும்போது வரைந்தது யார் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை.

பெயிண்ட் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உங்கள் மேசைமேல் என் காகிதங்கள் ஏறிவிட்டன. சனிக்கிழமை தோறும் அண்ணன் போன் செய்கிறார், ஒரு மணி நேரம் "ம்ம்ம்" போடுகிறார். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் அது ஏசி மாதிரியே கேட்கிறது. உங்களால் எனக்கு ஒரு நல்ல மனிதருடன் சிரிக்காமல் பேச முடியாமல் போயிற்று.

வாலு நன்றாகப் படிக்கிறாள். நீங்கள் போன் செய்யும் நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விடுகிறாள். நான் சொல்லிக்கொடுத்துச் செய்வதாக நினைக்காதீர்கள். ஏன் என்று எனக்கும் பிடிபடவில்லை.


ஜூன் 20

மேடம்,

படம் வந்தது. இன்ஜினியர் பத்து நிமிஷம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருங்க வரைஞ்சது?" என்றார். சொல்ல அவசியமில்லை என்று நீ எழுதியிருந்தாய். சொன்னேன். வெல்டர், எலக்ட்ரீஷியன், இன்னும் இரண்டு பேர் சுற்றி நிற்கும்போது, "என் மனைவி" என்று சத்தமாகவே சொன்னேன். அந்த வெறும் கூடத்தில் அது இரண்டு மூன்று தடவை திரும்பி வந்தது. கேட்க நன்றாக இருந்தது.

முதல் வரிசையில் ஆறு தட்டுகளைத் தொங்கவிட்டாயிற்று. பலூன் ஊதி உடைத்துப் பார்த்தோம். சத்தம் அடங்குவதற்கு முன்பெல்லாம் நாலு விநாடி ஆகும், இப்போதே மூன்றுக்கு வந்துவிட்டது. அந்தத் தட்டுகளுக்குக் கீழே போய் நின்றால், யாரோ தோளில் கை வைத்து "போதும், உட்கார்" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் வெளியே போகும்போது நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்றால், நீ யோசிக்கும்போது பென்சிலின் பின்பக்கத்தால் மேசையைத் தட்டுவாயே, அந்தச் சத்தத்தை நினைத்துக்கொள்கிறேன். பதினாலு வருஷம் அது எரிச்சலாக இருந்தது. எத்தனை தடவை உன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கியிருப்பேன். இப்போது யாராவது தட்டினால் தேவலை என்று இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஆகஸ்ட்டில் இந்த வேலை முடிகிறது. பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். அதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி மேனேஜர் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

வாலு என்மேல் ஏன் கோபமாக இருக்கிறாள் என்று தயவுசெய்து விசாரித்து எழுது. நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

ஏணி


ஜூன் 29

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். மார்ச்சில் பெட்டி கட்டும்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"என் மனைவி" என்று நாலு பேர் முன்னால் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்காக அதை எழுதினீர்கள் என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. அந்தப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை நினைவுபடுத்துகிறீர்கள். சரி, நானும் நினைவுபடுத்துகிறேன். முந்நூறு குழந்தைகள் சாப்பிடும் இடம். வேலை பார்ப்பவர்களுக்கு மத்தியானமானால் தலைவலி. அதற்காக நான் நாலு மாதம் உட்கார்ந்து வரைந்த கூரை. கூடத்தை மறுபடி திறப்பதற்கு முந்தின நாள், நிர்வாகி சுவர் நிறமே வேண்டும் என்றார் என்று, ஸ்ப்ரே அடிப்பவர் வரவில்லை என்று, ரோலரை எடுத்து இரண்டு கோட் பூசிவிட்டீர்கள். பலகையில் சத்தத்தைக் குடிக்கிற துளை அத்தனையும் அடைபட்டுப்போனது. மறுநாள் குழந்தைகள் உட்கார்ந்ததும் கூடம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். நிர்வாகி என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ஆஸ்பத்திரி வேலை நல்ல வேலைதான். அங்கே கழுவித் துடைக்கக்கூடிய பலகைதான் போட வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இருப்பதும் வருவதும் உங்கள் இஷ்டம்.


ஜூலை 8

"உங்கள் இஷ்டம்" என்று எழுதத் தபால்காரரை இவ்வளவு தூரம் அலையவிட்டிருக்க வேண்டாம்.

ரோலர் போட்டது தப்பு. அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாதம் என் கையாலேயே ஒவ்வொரு பலகையாகக் கழற்றி மாற்றியும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. நீ சொன்ன ஒரு வார்த்தைதான். "வரைபடம் சரி. தொங்கவிட்டவங்களைக் கேளுங்க." நான் உனக்கு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். உன் கையெழுத்தில் இருக்கும் கோடு எல்லாவற்றையும் பதினாலு வருஷமாகத் தலையை அண்ணாந்து, கண்ணில் சிமெண்ட் தூசி விழ, தொங்கவிட்டவன் நான். "அவர் என் வீட்டுக்காரர், அவசரத்தில் தப்பு செஞ்சுட்டார்" என்று சொல்லியிருந்தால் நிர்வாகி திட்டியிருப்பார், இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கட்டிக்கொண்டு வந்திருப்போம். யாரோ கூலிக்கு வந்த ஆள் மாதிரி கையைக் காட்டிவிட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் அறையில் நான் கேட்டதை இப்போதும் கேட்கிறேன். இந்த வீட்டில் என்னைத் தேட யார் இருக்கிறார்கள்? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அவ்வளவு சண்டையிலும் குழந்தை காதில் விழக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டோமே, அந்த மட்டுக்கு நாம் நல்ல அப்பா அம்மா.


ஜூலை 19

இதை எங்கேயாவது உட்கார்ந்து படியுங்கள். சாரத்தின் மேல் நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

போன சனிக்கிழமை அண்ணன் போன் செய்தார். வாலு அவள் அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் நம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். உங்கள் கடிதம் வந்திருந்த கோபம் எனக்கு. "அவர் வரமாட்டாருண்ணா. அப்படி நெனச்சுக்கிட்டாத்தான் எனக்கு வேலை ஓடும்" என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்தால் உங்கள் பக்கம் காலி. சட்டை, பேன்ட், முழங்கையில் கிழிந்த அந்த ஸ்வெட்டர், எல்லாவற்றையும் மடித்து ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, மேலே "அப்பா" என்று எழுதித் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். என்ன இது என்று கேட்டேன். "அப்பாதான் வரமாட்டாரே, அனுப்பிடலாம்" என்றாள். யார் சொன்னது என்றதற்கு, நான்தான் மாமாவிடம் சொன்னேன் என்றாள். கதவு சாத்தியிருந்ததே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு எப்பவும் கேக்கும்மா. உங்க ரூம்ல பேசறது எல்லாமே கேக்கும்."

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும் நம் அறையில் போனில் செய்தியை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் கட்டிலில் போய்ப் படுத்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டது. ஏணியைப் போட்டு ஏறி அவள் அறைக் கூரையில் ஒரு பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பு ஒன்றாக இருந்த பெரிய அறையை இரண்டாக்க நாம் போட்ட ஜிப்சம் சுவர், தொங்குகிற கூரையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கான்கிரீட் வரைக்கும் ஒரு முழம், இந்த அறையிலிருந்து அந்த அறை வரை, ஒன்றுமே இல்லாமல் திறந்து கிடக்கிறது. நாம் பேசியதெல்லாம் பலகை வழியாக மேலே ஏறி, சுவரைத் தாண்டி, அவள் தலைமாட்டில் இறங்கியிருக்கிறது. நம் அறையில் நல்ல பலகையாகப் பார்த்துப் போட்டோமே, அது எதிரொலியைக் குடித்துவிட்டதால் சொற்கள் இன்னும் தெளிவாகப் போயிருக்கின்றன.

உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு என்று எத்தனை வீட்டில், எத்தனை ஆபீசில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறோம். புரியாதவர்களைப் பார்த்து வண்டியில் திரும்பி வரும்போது சிரித்திருக்கிறோம்.

பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தேன். இது உங்கள் தப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தேடினேன். சுவருக்கான என் பென்சில் கோடு தொங்குகிற கூரையைத் தொட்டதும் நின்றிருந்தது.

சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன கேட்டது என்று கேட்டேன். அழவில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "என்னைத் தேட யாரு இருக்கான்னு அப்பா கேட்டாரு. நீ ஒண்ணும் சொல்லல. நான் பக்கத்துலதானேம்மா இருந்தேன்." சுவரை இரண்டு தடவை தட்டினாளாம். நமக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் உங்கள் போனை எடுப்பதில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு தைரியம் வராது. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைத் திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அங்கே வந்தேன். வாசலில் ரோலரையும் பெயிண்ட் வாளியையும் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொன்னால் திறப்பு தள்ளிப்போகும், நிர்வாகி கத்துவார், எனக்கு அலுப்பாக இருந்தது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாள் உங்களைக் கை காட்டியபோது என் மனசுக்குத் தெரியும், தப்பில் பாதி என்னுடையது என்று. அதனால்தான் அவ்வளவு வேகமாகக் கை காட்டினேன். என்னை மன்னிக்க வேண்டும்.


ஜூலை 27

சாரத்தின் மேல் நின்றுதான் படித்தேன். நீ சொல்லி நான் எப்போது கேட்டிருக்கிறேன். பிறகு கீழே இறங்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. தலைசுற்றல் என்று சொல்லி வைத்தேன்.

கோடு உன்னுடையது. கை என்னுடையது. அந்தச் சுவரைப் போடும்போதே எனக்குத் தெரியும். மேலே கொண்டுபோக வேண்டுமானால் ஏற்கெனவே மாட்டிய கூரையை அறுத்துத் திறக்க வேண்டும். இருட்டப் போகிறது, வாலு தன் புது அறைக்குள் போகக் குதித்துக்கொண்டிருக்கிறாள். நம் வீடுதானே, யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டேன். வேறொருவர் வீட்டில் அப்படி விட்டிருந்தால் நீ என்னை ஏணியோடு சேர்த்து வெளியே தள்ளியிருப்பாய்.

இரண்டு வருஷம் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறாள். நாம் அந்த அறையில் என்னவெல்லாம் பேசினோம் என்று மூன்று நாளாக ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எண்ணி முடிக்கிற மாதிரி இல்லை. நல்லதும் பேசியிருக்கிறோம், இல்லையா? சிரித்தும் இருக்கிறோம். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். அவள் தட்டினாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் என்னால் மறுபடி படிக்க முடியவில்லை.

கூடம் முடிந்துவிட்டது. பலூன் உடைத்தால் ஒரே விநாடியில் அடங்குகிறது. இன்ஜினியர் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு வரும் திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். வந்து அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் மறந்துவிடுவாள் என்று ஒரு மனசு சொல்கிறது. மறந்துவிடுவாளே என்று இன்னொரு மனசு அடித்துக்கொள்கிறது. நீ மன்னிப்புக் கேட்டது பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் எப்போதோ போய்விட்டது. அது போனதை ஒத்துக்கொள்ளத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.


ஆகஸ்ட் 5

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நீங்கள் சொன்ன திங்கட்கிழமை போய் மூன்று நாள் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டேன். அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. புது சைட்டுக்கு மாறிவிட்டீர்களோ, சிக்னல் இல்லையோ, என்னோடு பேசப் பிடிக்கவில்லையோ, ஒவ்வொரு தடவைக்கும் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது.

அந்த ஒரு முழத்தை அடைத்துவிடலாம் என்று நேற்று ஆளைக் கூப்பிடப் போனேன். வாலு தடுத்துவிட்டாள். "இப்ப வேண்டாம்மா. அப்பா வந்து உங்கிட்ட பேசறது எனக்குக் கேக்கணும்" என்றாள். வருவார் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியாமல்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது. பிறகு சட்டினி போதவில்லை என்று என்னோடு சண்டை பிடித்தாள். உங்களோடும் பிடிப்பாள். பிடிக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டதற்கு நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லாமல் இல்லை. தேடும் என்று முதலில் நீங்கள் சொல்ல வேண்டும் என்ற வீம்பு. இப்போது எழுதுகிறேன். எனக்கு உங்களைத் தேடுகிறது. வேலை ஓடும் என்று அண்ணனிடம் சொன்னது பொய். ஒரு கோடு ஓடவில்லை. வரைகிற ஒவ்வொரு கூரைக்கும் கீழே நின்று, தலையை அண்ணாந்து, "இதெல்லாம் தொங்காது மேடம்" என்று சொல்ல ஆள் இல்லாமல் நான் வரைவது எனக்கே நம்பிக்கையாக இல்லை. வந்துவிடுங்கள்.

இதை உறையில் போட்டு, உங்கள் முகவரியை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்தால் நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று ஆகிவிடும். நான் எழுதியது போய்ச் சேரக்கூடாது என்று நினைத்துக்கொண்டு தபாலில் போடுவது இதுதான் முதல் தடவை.


(உறையின் மேல், வேறொருவர் கையெழுத்தில்)

பெறுபவர் ஆகஸ்ட் 3-ஆம் தேதியே வேலையை விட்டு ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். அனுப்பியவருக்கே திருப்பவும்.